முதலில் பயண வழி, அப்புறம் ஊசி

கேள்வி:

டாக்டர், வருகிற ஆகஸ்டில் குடும்பத்தோடு ஆப்பிரிக்கா போகிறோம். நான், கணவர், எட்டு வயது மகன், என் அப்பா (67), அம்மா (62). நைரோபியில் இறங்கி மாசாய் மாராவில் மூன்று நாள், அங்கிருந்து தான்சானியாவில் செரெங்கெட்டி, இங்கோரோங்கோரோ, கடைசியாக சான்சிபார் கடற்கரையில் நான்கு நாள் என்று திட்டம். அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை நோய். இரவில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் போடுகிறார். மெட்ஃபார்மின், பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை, கால் எரிச்சலுக்கு பிரிகாபலின் எடுக்கிறார். அம்மாவுக்கு முட்டிவலி தவிர வேறு தொந்தரவு இல்லை. டிராவல் ஏஜென்ட், "மஞ்சள் காய்ச்சல் ஊசி ஒன்று போட்டால் போதும், மற்றதெல்லாம் அங்கேயே கிடைக்கும்" என்கிறார். அப்பா, "சின்ன வயதில் எனக்கு மலேரியா வந்து போய்விட்டது, இனி வராது" என்று மாத்திரையே வேண்டாம் என்கிறார். டிக்கெட் அடுத்த வாரம் எடுக்கிறோம். துபாய் வழியாகப் போகலாம் என்று யோசனை. மருந்துப் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

பதில்:

உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த வரி, "டிக்கெட் அடுத்த வாரம் எடுக்கிறோம்" என்பதுதான். டிக்கெட் கையில் வந்தபிறகு எழுதியிருந்தால், இப்போது சொல்லப்போவதில் பாதியைச் சொல்லிப் பயன் இருந்திருக்காது. மருந்துப் பைக்குப் பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் போகும் வழியைப் பார்ப்போம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி உயிருள்ள, ஆனால் வலுக்குறைத்த வைரஸால் ஆனது. பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் தராத, மிக நல்ல ஊசி. ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். 2016 ஜூலை 11 முதல் அதன் சான்றிதழும் ஆயுள் முழுதும் செல்லும் என்று சர்வதேச விதியே மாறிவிட்டது. பிரச்சினை எங்கே என்றால், 60 வயதுக்கு மேல் முதல்முறையாக இதைப் போட்டுக்கொள்கிறவர்களில் மிகச் சிலருக்கு அந்த வலுக்குறைந்த வைரஸே உடலில் பரவி, கல்லீரல், சிறுநீரகம் போன்றவற்றையோ நரம்பு மண்டலத்தையோ தாக்கிவிடுகிறது. லட்சத்தில் ஓரிருவர் என்ற அளவில்தான் நடக்கும். ஆனால் நடந்தால் உயிருக்கே ஆபத்து. நோய் பரவும் இடத்துக்குப் போகிறோம் என்றால் அந்தச் சிறு ஆபத்தை ஏற்றுக்கொள்வது நியாயம். வெறும் ஒரு முத்திரைக்காக அதை ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் உங்கள் திட்டத்தில் ஊசியைக் கட்டாயமாக்குவது நோய் மட்டும் அல்ல, நீங்கள் எல்லை தாண்டும் வரிசையும்தான். கென்யா உலக சுகாதார நிறுவனத்தின் மஞ்சள் காய்ச்சல் அபாயப் பட்டியலில் இருக்கிறது. தான்சானியா அந்தப் பட்டியலில் இல்லை. தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவு என்ற வகையில் வருவதால், அங்கு மட்டும் போகிறவர்களுக்குப் பொதுவாக இந்த ஊசியை அந்த நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. ஆனால் அபாயப் பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து வருகிறவர்களிடமும், அப்படிப்பட்ட நாட்டு விமானநிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வருகிறவர்களிடமும் தான்சானியா சான்றிதழ் கேட்கும். நீங்கள் மாராவில் மூன்று நாள் தங்கிவிட்டுச் செரெங்கெட்டிக்குப் போகிறீர்கள். எல்லையில் ஐந்து பேரிடமும் மஞ்சள் அட்டை, அதாவது அந்தத் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். ஊர் திரும்பும்போது உங்கள் நாடும், கென்யாவிலிருந்து வந்ததாகப் பார்த்துக் கேட்கலாம். அட்டை இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதியில் இடம் இருக்கிறது.

என் யோசனை இது. கென்யாவை விட்டுவிடுங்கள். இதைச் சொன்னதும் உங்கள் மகனின் முகம் வாடும் என்று தெரியும். ஆனால் மாசாய் மாராவும் செரெங்கெட்டியும் ஒரே புல்வெளி. நடுவில் இருப்பது வரைபடத்துக் கோடு; காட்டுமாடுகளும் வரிக்குதிரைகளும் அதைக் கவனிப்பதே இல்லை. ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி, தான்சானியப் பக்கத்தில் கோகாடெண்டே என்ற வட செரெங்கெட்டிப் பகுதியிலும் தெரியும். ஆகஸ்ட் அதற்குச் சரியான மாதம். துபாய் வழியாகவோ வேறு வளைகுடா நகரம் வழியாகவோ தான்சானியாவுக்கே நேராகப் போய் இறங்குங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக மலிவான டிக்கெட் கிடைத்தால் யோசியுங்கள்: எத்தியோப்பியாவும் அபாயப் பட்டியலில்தான் இருக்கிறது. அட்டவணையில் நான்கு மணி நேரக் காத்திருப்பு என்று போட்டிருக்கும். அடுத்த விமானம் தவறினால் 12 மணியைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். நீங்கள் எந்த நாட்டிலிருந்து கிளம்புகிறீர்கள் என்று எழுதவில்லை. தான்சானியா மட்டும் போய்வந்தவர்களிடம் உங்கள் நாடு அட்டை கேட்குமா என்பதை, டிராவல் ஏஜென்டின் வாய்ச்சொல்லை நம்பாமல், அரசின் சுகாதாரத் துறை வெளியிட்டிருக்கும் பட்டியலைப் பார்த்து உறுதி செய்தபிறகே பணம் கட்டுங்கள்.

கென்யாவைக் கைவிடவே முடியாது என்றால், உங்களுக்கும் கணவருக்கும் மகனுக்கும் ஊசி போடத் தடையில்லை. யாருக்காவது முட்டை ஒவ்வாமை கடுமையாக இருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுத்தாலோ, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கோளாறு இருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். அப்பா அம்மாவுக்கு, அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி மையத்தின் மருத்துவர் பரிசோதித்து, தேவைப்பட்டால் விலக்குச் சான்று எழுதித் தரலாம். அதை ஏற்பதும் ஏற்காததும் எல்லையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி கையில்தான். போடுவதாக முடிவு செய்தால் எல்லை கடக்கும் நாளுக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட வேண்டும். அட்டை அதற்குப் பிறகே செல்லும். இன்னொன்று, அப்பா வேலைக் காலத்தில் எப்போதாவது ஆப்பிரிக்காவோ தென் அமெரிக்காவோ போயிருக்கிறாரா என்று கேளுங்கள். பழைய பாஸ்போர்ட்டுக்குள் ஒரு மஞ்சள் அட்டை கிடந்தால் இவ்வளவு பேச்சும் தேவையில்லை.

இனி மலேரியா. ஏஜென்ட் சொல்லாமல் விட்டதும் அப்பா வேண்டாம் என்பதும் இதுதான். இந்தப் பயணத்தில் நான் உண்மையாகவே பயப்படும் நோயும் இதுதான். மஞ்சள் காய்ச்சலுக்கு அட்டை கேட்க ஒரு அதிகாரி இருக்கிறார். மலேரியா மாத்திரை சாப்பிட்டீர்களா என்று எந்த எல்லையிலும் யாரும் கேட்பதில்லை, அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

சின்ன வயதில் வந்ததால் இனி வராது என்பது சரியல்ல. மலேரியா அம்மை மாதிரி ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் காப்புத் தரும் நோய் இல்லை. தொடர்ந்து கடிபட்டு, திரும்பத் திரும்பத் தொற்று ஏற்படும் ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு ஓரளவு தாங்கும் சக்தி உருவாகும். அந்தச் சூழலைவிட்டு வந்தபின் அது சில வருடங்களில் கரைந்துவிடும். அதோடு அப்பாவுக்கு அன்று வந்தது வேறு வகைக் கிருமியாக இருந்திருக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரும்பான்மை ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி. மூளையையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும் வகை அதுதான். காய்ச்சல் தொடங்கி ஓரிரு நாளிலேயே நிலைமை கைமீறிப் போகலாம். இருபது வருடச் சர்க்கரைக்காரருக்கு அதைத் தாங்கும் இடம் குறைவு. அப்பாவிடம் இதை என் பெயரில் படித்துக் காட்டுங்கள்.

தான்சானியாவில் 1,800 மீட்டருக்குக் கீழே எங்கும் மலேரியா வரலாம். இங்கோரோங்கோரோ பள்ளத்தின் விளிம்பு சுமார் 2,300 மீட்டர் உயரம் என்பதால் அங்கே ஆபத்து மிகக் குறைவு. சான்சிபாரில் நோய் நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனாலும் ஒழியவில்லை. இந்த ஊரில் சாப்பிடலாம், அந்த ஊரில் விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தடுப்பு மாத்திரை இடையில் நின்றால் பயனில்லை.

மாத்திரைகளில் பொதுவாக மூன்று உண்டு. உங்கள் குடும்பத்துக்கு அட்டோவாகோன்-புரோகுவானில் சேர்ந்த மாத்திரையைத்தான் முதலில் பார்ப்பேன். போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, தினமும் ஒரே நேரத்தில் சாப்பாட்டோடோ பாலோடோ எடுத்து, அந்தப் பகுதியை விட்டு வந்தபிறகு 7 நாள் தொடர வேண்டும். எட்டு வயதுப் பையனுக்கு எடையைப் பொறுத்துக் குழந்தைகளுக்கான சிறிய மாத்திரை இருக்கிறது. அப்பாவுக்குக் கொடுக்கும் முன் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரகம் மிகவும் தளர்ந்திருந்தால் இது கூடாது. அடுத்தது டாக்ஸிசைக்ளின். விலை குறைவு, பலன் உண்டு. ஆனால் திரும்பி வந்தபின் நான்கு வாரம் தொடர வேண்டும், வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், படுக்கும் நேரத்தில் விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். திறந்த ஜீப்பிலும் கடற்கரையிலும் இருக்கப்போகிறவர்களுக்கு நான் இதை முதலில் சொல்வதில்லை. மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று என்பதால் வசதி. மனநலப் பிரச்சினை, வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு இருந்தவர்களுக்கு ஆகாது. சிலருக்குக் கெட்ட கனவும் பதற்றமும் தரும். புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கிப் பார்த்துவிட வேண்டிய மருந்து அது.

மாத்திரை மட்டும் போதாது. மலேரியா கொசு அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும். அந்த நேரத்தில் முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை. வெளியே தெரியும் தோலில் 20 முதல் 50 சதவீதம் டீட் என்ற கொசுவிரட்டி மருந்து உள்ள தைலமோ 20 சதவீதம் பிகாரிடின் உள்ளதோ போடுங்கள். வெயில் கிரீமும் போடுவதாக இருந்தால் கிரீம் முதலில், கொசு மருந்து அதன் மேல். பகலில் டெங்குக் கொசு இருக்கிறது என்பதால் பகலையும் விட்டுவிட முடியாது. செரெங்கெட்டியில் செட்சி என்று ஒரு ஈ உண்டு. கொசு மருந்துக்கு அது அவ்வளவாகப் பயப்படாது, மெல்லிய துணி வழியாகவும் கடிக்கும், ஓடும் ஜீப்பைத் துரத்திக்கொண்டே வரும். கருநீலமும் கறுப்பும் அதற்குப் பிடித்த நிறங்கள். அங்கே மரங்களில் கட்டியிருக்கும் நீலமும் கறுப்புமான துணிகள் அந்த ஈக்கான பொறிகள். ஆகவே ஜீன்ஸை வீட்டில் வைத்துவிட்டு மங்கலான மண்நிற உடை எடுத்துக்கொள்ளுங்கள். செட்சி கடித்து யாருக்காவது தூக்க நோய் வருவது சுற்றுலாப் பயணிகளில் அரிது. கடித்த இடத்தில் சில நாள் கழித்துப் புண்ணும் கூடவே காய்ச்சலும் வந்தால் மட்டும் டாக்டரிடம் அந்த ஈயைப் பற்றிச் சொல்ல மறக்காதீர்கள்.

மற்ற ஊசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெட்டனஸ் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று ஐந்து பேருக்கும் பாருங்கள், பத்து வருடம் தாண்டியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு இரண்டும் நல்லது. அப்பா அம்மாவுக்கு ஃப்ளூ ஊசி கட்டாயம் என்றே சொல்வேன். விமானத்திலும் விமானநிலையத்திலும் இருமுகிறவர்கள் நடுவில்தான் உட்காரப் போகிறார்கள். மகனுக்கு ரேபிஸ் முன்தடுப்பு பற்றிக் கேளுங்கள். முதல் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று என்று இரண்டே ஊசி. போட்டிருந்தால், பின்னால் நாயோ குரங்கோ கடிக்க நேர்ந்தாலும் இம்யூனோகுளோபுலின் என்ற கிடைப்பதற்கு அரிய மருந்தைத் தேடி அலைய வேண்டாம். இரண்டு ஊசி மறுபடி போட்டால் போதும். குழந்தைகள் கடிபட்டதை வீட்டில் மறைப்பார்கள். திட்டு விழாது என்று இப்போதே அவனிடம் சொல்லிவையுங்கள். கடித்தால் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இதையெல்லாம் புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்கிவிட்டால் அவசரம் இருக்காது.

அப்பாவின் மருந்துகளில் நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப்போன ஒன்று என் கண்ணில் பட்டது. பிரிகாபலின். துபாய் வழியாகப் போவதாகச் சொல்கிறீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அம்மாவின் முட்டிவலிக்கு யாராவது டிராமடாலோ கோடீன் கலந்த மாத்திரையோ எழுதிக் கொடுத்தால் அதுவும் அப்படித்தான். விமானநிலையத்தை விட்டு வெளியே போகாமல் அடுத்த விமானம் ஏறினால் பெரும்பாலும் யாரும் பையைத் திறக்கச் சொல்வதில்லை. ஆனால் விமானம் ரத்தாகி ஓட்டலில் ஒரு இரவு தங்க வைத்தால் நீங்கள் குடியேற்றப் பிரிவைத் தாண்டி அந்த நாட்டுக்குள் நுழைந்தவர்கள். அந்த நாட்டு அரசின் மருந்து அனுமதி இணையதளத்தில் மருத்துவச் சீட்டைப் பதிவேற்றி முன்அனுமதி வாங்கலாம், வாங்கிவிடுங்கள். தேவையான நாட்களுக்கான அளவை மட்டும் எடுத்துப் போங்கள். மாத்திரைகளைப் பிரித்துச் சிறு டப்பாவில் கொட்டாதீர்கள், கடையில் வாங்கிய அட்டையும் பெட்டியும் அப்படியே இருக்கட்டும். எல்லா மருந்துக்கும் ஜெனரிக் பெயர், அளவு, எதற்காக என்று ஆங்கிலத்தில் உங்கள் டாக்டர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வேண்டும். அதில் இன்சுலின் ஊசிகளையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

இன்சுலினை ஒருபோதும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். விமானத்தின் அடியில் அது உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும், பார்க்கத் தெளிவாக இருந்தாலும், வேலை செய்யும் என்று நம்ப முடியாது. பெட்டி தொலைந்தால் கேட்கவே வேண்டாம். தேவையைப் போல இரண்டு மடங்கு எடுத்து, பாதியை அப்பாவின் கைப்பையிலும் பாதியை உங்கள் கைப்பையிலும் வையுங்கள். பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லி கட்டுப்பாடு மருந்துக்குப் பொருந்தாது, டாக்டர் கடிதம் அங்கே உதவும். காட்டு முகாம்களில் குளிர்சாதனப் பெட்டி இருந்தால் உறைவிப்பான் பக்கம் வைக்காதீர்கள். பயன்பாட்டில் இருக்கும் பேனாவை 25, 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை வெளியே வைக்கலாம். மருந்துக்கு மருந்து கொஞ்சம் மாறும் என்பதால் உள்ளே இருக்கும் தாளைப் பாருங்கள். ஆகஸ்டில் அந்த மேட்டுநிலத்தில் இரவுக் குளிர் அதிகம், பகலில் மூடிய ஜீப்புக்குள் அனல். தண்ணீரில் நனைத்தால் ஆவியாகிக் குளிரும் பைகள் கிடைக்கின்றன, மின்சாரமோ ஐஸோ தேவையில்லை. ஐஸ் மீது நேராக வைப்பது கெடுதல்.

நேர வித்தியாசம் ஐந்து மணிக்குள் என்றால் இரவு இன்சுலினைப் பெரிதாக மாற்ற வேண்டியிருக்காது. அதற்கு மேல் என்றால், கிழக்கு நோக்கிப் பறக்கும்போது அந்த நாள் சுருங்குகிறது, மேற்கு நோக்கிப் பறந்தால் நீள்கிறது. அதற்கேற்ப அளவும் நேரமும் மாறும். அந்தக் கணக்கைச் சர்க்கரை டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நடுவானில் தூக்கக் கலக்கத்தில் போடும் கணக்கு வேண்டாம்.

அதே சந்திப்பில் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: வாந்தியும் பேதியும் வந்தால் எந்த மாத்திரையை நிறுத்துவது? இதைப் பலரும் கேட்பதில்லை. உடலில் தண்ணீர் குறைந்திருக்கும்போது மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், ஹைட்ரோகுளோரோதயசைடு மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். பொதுவாக உடம்பு தேறும்வரை அவற்றை நிறுத்தச் சொல்வோம். இன்சுலின் கதை வேறு. "சாப்பிடவே இல்லையே, எதற்கு ஊசி" என்று அப்பா அதை நிறுத்திவிடக் கூடாது. அளவு மாறலாம், ஆனால் நிறுத்தவே கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜீப்பில் காலை ஐந்து மணிக்கு ஏறினால் சிங்கத்தைக் கண்ட உற்சாகத்தில் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும். குளுக்கோஸ் மாத்திரை அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். கூட வரும் ஓட்டுநருக்கும், இவருக்குச் சர்க்கரை குறைந்தால் எப்படி இருக்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கால் எரிச்சல் என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சான்சிபார் மணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. மதிய மணல் சுடும், பவளப் பாறை கிழிக்கும், ஆழம் குறைந்த நீரில் கடல் முள்ளெலி மிதிபடும். மற்றவர் "ஆ" என்று காலை எடுத்துவிடுவார், அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. தண்ணீருக்குள்ளும் ரப்பர் ஷூ. இரவில் படுக்கும் முன் பாதத்தை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடலில் குளிக்கத் தடையில்லை. ஏரி, குளம் வேண்டாம். அங்கே நத்தை வழியாகத் தோலுக்குள் நுழையும் ஒட்டுண்ணி இருக்கிறது.

விமானத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் காலில் ரத்தம் உறைவது அப்பா அம்மா இருவருக்கும் கவனிக்க வேண்டியது. எழுந்து நடக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். கழிவறைக்குப் போக அலுப்புப்பட்டுத் தண்ணீரைக் குறைப்பது வயதானவர்களின் வழக்கம், அதனால் ஓரத்து இருக்கை கேளுங்கள். முன்பு உறைவு வந்திருந்தால் அழுத்தக் காலுறை பற்றி டாக்டரிடம் பேசலாம். ஆஸ்பிரினை இதற்காகத் தனியாக ஆரம்பிக்க வேண்டாம்.

நீங்கள் கேட்ட மருந்துப் பை. பாராசிட்டமால், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், பேதிக்கு லோபரமைடு, டாக்டர் எழுதிக் கொடுத்தால் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், ஒவ்வாமைக்கு ஒரு மாத்திரை, காயத்துக்குக் கட்டுத்துணியும் கிருமிநாசினியும், வெப்பமானி, அப்பாவின் குளுக்கோமீட்டருக்குக் கூடுதல் பட்டைகளும் பேட்டரியும். பேதியில் ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் லோபரமைடு கூடாது. பையனுக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம், அவனுக்குக் கரைசல் போதும். பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கரண்டி என்றால் தேநீர்க் கரண்டி. இவ்வளவுதான். தான்சானியாவில் 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் கடைப் பைகளுக்குத் தடை, கடைப் பையில் மருந்தைச் சுற்றி எடுத்துப் போகாதீர்கள். உள்நாட்டுச் சிறு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான், மென்மையான பையாக இருக்க வேண்டும் என்பார்கள். மருந்தைக் குறைத்து உடையைக் கூட்டாமல் இருந்தால் சரி.

பாதுகாப்பு என்றதும் எல்லோருக்கும் சிங்கமும் திருடனும் ஞாபகம் வருவார்கள். ஆனால் வெளிநாட்டுப் பயணிகளின் விபத்து மரணங்களில் சாலைதான் முன்னால் நிற்கிறது. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரவில் நெடுந்தூரம் ஓட்டும் திட்டம் எதையும் ஏற்காதீர்கள். ஐந்து இருக்கைக்கும் பெல்ட் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள். ஜீப் ஓடும்போது கூரை வழியாக நின்று படம் எடுக்கும் ஆசையைப் பையனிடம் மட்டுமல்ல, கணவரிடமும் கண்டியுங்கள். முகாமில் இருட்டியபின் கூடாரத்திலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குக் காவலர் துணையோடு போங்கள் என்பார்கள். வேலி இல்லாத இடம் அது, சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை.

இன்சுரன்ஸ் எடுக்கும்போது அப்பாவின் சர்க்கரை, பிரஷர் எதையும் மறைக்காதீர்கள். பிரீமியம் கூடும்தான். மறைத்தால் பாலிசியே செல்லாது. அவசர விமானத்தில் தூக்கிச் செல்லும் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். செரெங்கெட்டி நடுவில் நெஞ்சுவலி வந்தால் பெரிய ஆஸ்பத்திரி விமான தூரத்தில்தான் இருக்கிறது. நைரோபியை மையமாகக் கொண்ட அம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை 1957 முதல் இந்த வேலையைச் செய்கிறது, சுற்றுலாப் பயணிகளுக்குக் குறுகிய கால உறுப்பினர் வசதியும் உண்டு. உங்கள் பயண நிறுவனம் அதில் ஏற்கெனவே உங்களைச் சேர்த்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். சான்சிபாரில் 2024 அக்டோபர் முதல் உள்ளூர் இன்சுரன்ஸ் ஒன்று கட்டாயம். அது அந்தத் தீவுக்கு மட்டும். அதை நம்பி உங்கள் சொந்தப் பாலிசியை விட்டுவிடாதீர்கள். பாலிசி எண், உதவி எண், டாக்டர் கடிதம், பாஸ்போர்ட் நகல் எல்லாவற்றையும் காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். போனில் மட்டும் இருந்தால், சார்ஜ் போன பிறகு எதுவும் இல்லை.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பரவல் அறிவிப்புகளை ஒருமுறை பாருங்கள். தான்சானியாவின் வடமேற்கில் ககேரா பகுதியில் 2023-லும் 2025-லும் மார்பர்க் என்ற கொடிய வைரஸ் காய்ச்சல் தலைகாட்டி அடங்கியது. நீங்கள் போகும் இடங்களிலிருந்து அது தொலைவு. இருந்தாலும் அந்தச் சமயங்களில் விமானநிலையங்களில் பரிசோதனை கூடும், காய்ச்சலோடு வருகிறவரை நிறுத்துவார்கள்.

ஊர் திரும்பியதும் மாத்திரையை மறந்துவிடுவார்கள். பெட்டியைப் பிரிக்கும் அலுப்பில் அந்த 7 நாள் மாத்திரை தவறிப்போகும். அப்பாவின் இன்சுலினுக்குப் பக்கத்திலேயே ஐந்து பேர் மாத்திரையையும் வைத்துவிடுங்கள், அவர் ஊசி போடும் நேரத்தில் எல்லோரும் விழுங்கலாம். வந்து மூன்று மாதத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வாக்கியமாக "தான்சானியா போய்வந்தோம்" என்று சொல்லி மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும், ஒரு வருடம் வரை, காய்ச்சல் என்று எந்த டாக்டரிடம் போனாலும் இந்தப் பயணத்தைச் சொல்லிவிடுங்கள். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை பார்க்க வேண்டும்.